பதிவு முதல் வைவா வரை: பிஎச்.டி. ஆய்வாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிஎச்.டி. சேர முடிவெடுத்த அன்றே தேடிப் படிக்க வேண்டிய முதல் நூல், நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுங்குமுறை நூல். இணையதளத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். நாற்பது ஐம்பது பக்கம்தான் இருக்கும். நான்காம் ஆண்டில் வந்து மாட்டும் பல சிக்கல்களுக்கான விடை அதில் முதல் நாளே எழுதப்பட்டிருக்கும். தெரியாமல் போனதால் ஓராண்டை இழப்பவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அந்த ஓராண்டைக் காப்பாற்றத்தான் இந்த வழிகாட்டி.

இந்தியா முழுமைக்கும் அடிப்படையாக இருப்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. குறைந்தபட்சத் தர ஒழுங்குமுறை. அதற்கு முன் 2016 விதியும், அதற்கும் முன் 2009 விதியும் இருந்தன. தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் இந்த அடிப்படையை வைத்துத் தத்தம் விதிகளை வகுக்கின்றன. யு.ஜி.சி. கேட்காத ஒன்றை உங்கள் பல்கலைக்கழகம் கூடுதலாகக் கேட்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டில் எந்த விதி நடைமுறையில் இருந்ததோ அதன் பிரதியைப் பதிவிறக்கி, தேதியோடு சேமித்து வையுங்கள். இணையதளத்தில் புது விதி ஏறியதும் பழையது காணாமல் போய்விடும்.

தகுதி

மூன்றாண்டு இளநிலையும் இரண்டாண்டு முதுநிலையும் படித்தவர்களுக்கு முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். நான்காண்டு இளநிலை முடித்து ஓராண்டு முதுநிலை படித்தவர்களுக்கும் அதே 55. நான்காண்டு இளநிலையோடு நேராக வருபவர்களுக்கு 75 சதவீதம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு.

எம்.ஃபில். இனி கிடையாது. 2022 விதியே அதை நிறுத்திவிட்டது. எந்த நிறுவனமாவது எம்.ஃபில். சேர்க்கை என்று விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே முடித்தவர்களின் பட்டம் செல்லும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உதவிப் பேராசிரியர் வேலைக்காக மட்டும் பிஎச்.டி. சேர நினைப்பவர்கள், யு.ஜி.சி. 2023 ஜூலையில் செய்த மாற்றத்தைப் படியுங்கள். தேசியத் தகுதித் தேர்வான நெட், மாநிலத் தகுதித் தேர்வான செட் அல்லது ஸ்லெட் இவற்றில் ஒன்றில் தேர்ச்சிதான் அந்தப் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயம் இல்லை. ஐந்தாறு ஆண்டு உழைப்பைக் கேட்கும் படிப்பு இது. ஒரு கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது என்றால் வாருங்கள்.

நுழைவு

இரண்டு வழி. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றவர்கள் நேர்முகத் தேர்வின் மூலம் சேரலாம். மற்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணோ பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வோ உதவும். 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவு மூன்று பிரிவாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். பெறுவோர், உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. தகுதியும் பெறுவோர், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோர். கடைசி இரண்டு பிரிவினருக்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்முகத்துக்கு 30 சதவீதமும் எடை. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரிசல்ட் வந்த மாதத்தையும் பல்கலைக்கழக அறிவிப்பு வரும் மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பல்கலைக்கழகம் தானே தேர்வு நடத்தினால் வினாக்களில் பாதி ஆய்வு முறையியல், பாதி உங்கள் பாடம். 50 சதவீதம் எடுத்தவர்கள் நேர்முகத்துக்கு அழைக்கப்படுவார்கள். பாடத்தில் வல்லவர்கள் முறையியலில் சறுக்குவது அடிக்கடி நடக்கிறது. கருதுகோள், மாறிகள், மாதிரி எடுத்தல், அடிப்படைப் புள்ளியியல், மேற்கோள் முறை ஆகிய ஐந்தையும் ஒரு மாதம் உட்கார்ந்து படித்தால் அந்தப் பாதியைத் தாண்டிவிடலாம்.

வேலையில் இருந்துகொண்டே பார்ட் டைமாகச் சேருபவர்கள் பணியிடத்திலிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும். 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரி எழுதி வாங்கினால் போதாது. பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப் பணி இடம் தரும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் எனும் பாடத்தாள்களை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் கோப்பு திரும்பி வர வாய்ப்புண்டு. தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. 'வீட்டிலிருந்தே இரண்டு ஆண்டில் டாக்டரேட்' என்று வரும் அழைப்புகளை அந்த இடத்திலேயே நிராகரியுங்கள்.

கைடு

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பலர் தலைப்பைத் தேடுவதில் ஆறு மாதம் கழித்துவிட்டு, கைடை, அதாவது ஆய்வு நெறியாளரை, ஒரே வாரத்தில் முடிவு செய்கிறார்கள்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 ஆய்வாளர்களையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். நெறியாளராக இருக்கப் பேராசிரியர், இணைப் பேராசிரியருக்கு ஐந்து ஆய்வுக் கட்டுரைகளும் உதவிப் பேராசிரியருக்கு மூன்று கட்டுரைகளும் வெளியாகியிருக்க வேண்டும். அவருக்குக் காலி இடம் இருக்கிறதா என்பதை அவர் வாய்மொழியாகச் சொன்னால் மட்டும் போதாது. ஆராய்ச்சிப் பிரிவிலும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அடுத்தது ஓய்வுத் தேதி. பணி ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரை எடுக்கக் கூடாது. சரியாக மூன்றரை ஆண்டு இருக்கிறது என்று சேர்ந்துவிட்டால், நீங்கள் எழுதி முடிக்கும் நேரத்தில் அவர் ஓய்வு பெற்றிருப்பார். விதிப்படி அவர் 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடரலாம். ஆனாலும் கையெழுத்துக்கும் கூட்டத்துக்கும் வேறொருவரை முதன்மை நெறியாளராக்க வேண்டியிருக்கும். ஓய்வுக்கு ஓராண்டு முன்பே அந்த மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பிறகுதான் முக்கியமான விசாரணை. அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு பேரிடமும், ஏற்கெனவே முடித்த ஒருவரிடமும் தனியாகப் பேசுங்கள். 'சார் எப்படி, மேடம் எப்படி' என்று கேட்டால் 'நல்லவங்க' என்றுதான் பதில் வரும். கேள்வியைக் குறுக்குங்கள். ஓர் அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்? கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது? சொந்த வேலை ஏவுகிறாரா? கடைசியாக முடித்தவருக்கு எத்தனை ஆண்டு ஆனது? இந்த நான்குக்கும் கிடைக்கும் பதிலை எழுதி வைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி படித்துப் பாருங்கள். மூன்று மாதமாக அத்தியாயம் மேசையிலேயே கிடக்கிறது என்று ஒருவர் சொன்னால், உங்கள் அத்தியாயமும் அங்கேதான் கிடக்கும்.

தலைப்பு

'தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்களும் பெண்கள் முன்னேற்றமும் – ஓர் ஆய்வு.' இப்படி ஒரு தலைப்பைக் கமிட்டி முன் வைத்தால் முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும். எந்த மாவட்டம், எந்த ஆண்டு, முன்னேற்றம் என்பதை எப்படி அளப்பது? அதையே 'ஒரத்தநாடு ஒன்றியத்தில் சுயஉதவிக் குழுக் கடனைப் பெண்கள் எதற்குச் செலவிட்டார்கள், 2019–2024' என்று குறுக்கிப் பாருங்கள். இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது, விடை காணக்கூடிய கேள்வி இருக்கிறது. எத்தனை குழுக்களைச் சந்திக்க வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று கணக்கும் போட முடிகிறது. நல்ல தலைப்பின் அடையாளம் அந்தக் கணக்குதான்.

உறுதி செய்யும் முன் ஷோத்கங்காவில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இன்ஃப்ளிப்நெட் மையம் அங்கே சேர்த்து வைத்திருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரே சொல்லை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும். பதிவு நிலையில் இருக்கும் ஆய்வுத் திட்டங்களுக்கு ஷோத்கங்கோத்ரி இருக்கிறது. ஒரே தலைப்பில் ஏற்கெனவே ஓர் ஆய்வேடு கிடைத்தால் பதற வேண்டாம். அதன் முடிவுரையில் 'மேலாய்வுக்கான களங்கள்' என்ற பகுதியைப் படியுங்கள். உங்கள் கேள்வி அங்கே காத்திருக்கக்கூடும்.

பணம் கொடுத்துப் படிக்க வேண்டிய இதழ்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறையில் இருக்கிறது. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்களை அது திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் நூலகரிடம் போய் நுழைவு விவரம் கேளுங்கள். வசதி வந்துவிட்டது என்பதே தெரியாமல் சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டும் ஆய்வாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கோர்ஸ் வொர்க்

குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்ற 2 கிரெடிட் தாள் கட்டாயம். அது 30 மணி நேரம். ஒவ்வொரு தாளிலும் எடுக்க வேண்டியது 55 சதவீதம் அல்லது அதற்கு இணையான கிரேடு. கைடின் பாடத்தை ஒட்டிய தாள் ஒன்று வழக்கமாக இருக்கும். அதை உங்கள் இலக்கிய மீளாய்வாகவே எழுதிவிடுங்கள். தேர்வுக்குப் படித்தது இரண்டாம் அத்தியாயமாக மாறும்.

டி.சி. மீட்டிங்

ஆய்வு ஆலோசனைக் குழுவை நம் வளாகங்களில் டாக்டரல் கமிட்டி, சுருக்கமாக டி.சி. என்கிறோம். ஒவ்வொரு செமஸ்டரும் அதன் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். பலருக்கு இது ஒரு சடங்காகத் தேய்ந்துபோகிறது. கூட்டம் நடக்காமலே கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வதும் உண்டு. அப்படி வாங்காதீர்கள். பின்னால் கைடோடு கருத்து வேறுபாடு வந்தாலோ, நீட்டிப்புக் கேட்டாலோ, உங்கள் பக்கம் பேசப்போவது டி.சி. நடவடிக்கைக் குறிப்புகள் மட்டும்தான்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு பக்க அறிக்கை அனுப்புங்கள். போன கூட்டத்தில் சொன்னவை என்ன, செய்தவை என்ன, செய்யாதவை ஏன், அடுத்த ஆறு மாதத்தில் என்ன என்று நான்கே தலைப்பு போதும். உறுப்பினர் சொல்லும் திருத்தங்களை அங்கேயே எழுதி, அன்று மாலையே 'இன்று சொன்னவை இவை' என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது ஆறு மாதத்தில் மறந்துபோகும், சில நேரம் மாறியும் போகும்.

களப்பணியும் அனுமதியும்

மனிதர்களிடம் தகவல் சேகரிக்கும் ஆய்வு என்றால், நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வந்த பிறகே முதல் வினாப்படிவத்தை நீட்ட வேண்டும். தரவைச் சேகரித்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி கேட்க வழி இல்லை. இதழ் ஆசிரியர் அனுமதி எண்ணைக் கேட்கும்போது இரண்டாண்டு உழைப்பு வெளியிட முடியாமல் முடங்கும். பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலும் பிள்ளையின் இசைவும் தனித்தனியே வேண்டும். பள்ளிக்குள் நுழையக் கல்வித் துறை அனுமதியும் வேண்டும். ஒப்புதல் படிவத்தை அந்த மக்கள் பேசும் தமிழில் எழுதுங்கள். 'தரவுகளின் இரகசியத்தன்மை பேணப்படும்' என்பதைவிட 'நீங்க சொல்றத உங்க பேரு போட்டு எங்கயும் எழுத மாட்டோம்' என்பது யாருக்கும் புரியும்.

தரவை மூன்று பிரதிகளாக, இரண்டு வெவ்வேறு கருவிகளில், ஒன்று வேறு இடத்தில் இருக்கும்படி வையுங்கள். பென் டிரைவை மட்டும் நம்பி இருந்தவர்களின் கண்ணீர் எல்லாத் துறைகளிலும் உண்டு.

கட்டுரை வெளியிடுதல்

2016 விதி, ஆய்வேடு கொடுக்கும் முன் ஓர் இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளும் கேட்டது. 2022 விதி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் கட்டுரையை இன்னும் கேட்கின்றன. எத்தனை, எந்த வகை இதழ், ஆய்வாளர் பெயர் முதலில் இருக்க வேண்டுமா என்பதை விதிநூலில் பார்த்து எழுதி ஒட்டி வையுங்கள்.

யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலை நம்பியிருந்தவர்களுக்கு ஒரு செய்தி: யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே கைவிட்டு, இதழை எடைபோடும் அளவுகோல்களை மட்டும் தந்திருக்கிறது. எனவே பொறுப்பு இப்போது உங்கள் தோளில். மூன்று நாளில் ஏற்பு, வாட்ஸ்அப்பில் கட்டண விவரம், கணிதமும் கால்நடையும் தமிழ் இலக்கியமும் ஒரே இதழில் என்று கண்டால் விலகுங்கள். நல்ல இதழ் ஒன்றின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துவோரும் இருக்கிறார்கள். ஐ.எஸ்.எஸ்.என். எனும் இதழ் அடையாள எண்ணை அதன் பன்னாட்டுத் தளத்தில் தேடி, அங்கே பதிவாகியுள்ள பதிப்பாளரும் நீங்கள் பணம் கட்டப்போகும் தளத்தின் பதிப்பாளரும் ஒருவர்தானா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் அந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்றும் பார்க்கலாம். அரை மணி நேர வேலைதான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் மேற்கோள் பட்டியல் வாங்குபவர்கள், ஒவ்வொரு நூலையும் கட்டுரையையும் கையால் திறந்து பார்த்தே தீர வேண்டும். இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் தரும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. தேர்வாளர் தேடிப் பார்த்து நூல் கிடைக்கவில்லை என்றால் முழு ஆய்வேட்டின் மீதும் சந்தேகம் விழும்.

எழுத்துருவும் கருத்துத்திருட்டுச் சோதனையும்

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறை, ஆய்வேடு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் ஒற்றுமை அளவை நான்காகப் பிரிக்கிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு வரை திருத்திய பிரதியைத் தரவே முடியாது. 60க்கு மேல் போனால் பதிவு ரத்து. மேற்கோள் குறியோடும் ஆதாரத்தோடும் தந்த பகுதி, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பெயர்கள், பொதுவான சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் வராது. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போவதும் விலக்கு. 60,000 சொல் ஆய்வேட்டில் 10 சதவீதம் என்பது 6,000 சொல். ஏறத்தாழ ஒரு சிறிய அத்தியாயம்.

இனி எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் திரையில் தமிழாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். சோதனை மென்பொருள் படிப்பது அந்த ஐந்து குறிகளைத்தான். அதனால் அறிக்கையில் பூஜ்யம் சதவீதம் வரலாம், கோப்பே படிக்கப்படாமல் திரும்பலாம். பூஜ்யம் கண்டு மகிழ வேண்டாம். அந்த அறிக்கைக்கு மதிப்பு இல்லை. ஷோத்கங்காவில் ஏறிய பிறகும் அந்த ஆய்வேட்டை யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தமிழக அரசே 2010இல் யுனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. முதல் பக்கத்திலிருந்தே யுனிகோடில் தட்டுங்கள்.

ஏற்கெனவே பழைய எழுத்துருவில் நானூறு பக்கம் தட்டியாகிவிட்டது என்றால் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றலாம். மாற்றும்போது இவை பிழையாகும்:

நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் வாய்பாடுகளும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். ஆகவே மாற்றும் முன் ஆங்கிலப் பகுதிகளை நிறமிட்டு வைத்து, மாற்றியபின் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட வேண்டும்.

கொம்பு பிரச்சினை தரும். 'கொ' என்பதைப் பழைய எழுத்துருவில் ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகத் தட்டியிருப்போம். சில மாற்றிகள் அதை ஒரே உயிர்க்குறியாக இணைக்காமல் கொம்பையும் காலையும் தனித்தனியே விட்டுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடல் பெட்டியில் 'கொள்கை' என்று தட்டினால் மட்டும் பாதி இடங்கள் சிக்காது. தேடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

காலுக்குப் பதில் 'ர' தட்டிய இடங்கள், 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் சேர்த்துத் தட்டிய இடங்கள் எல்லாம் அப்படியே பிழையாக இறங்கும். மாற்றியபின் ஒரு முறை முழுதாக மெய்ப்புப் பார்க்க நானூறு பக்கத்துக்கு மூன்று வாரமாவது ஒதுக்குங்கள்.

சங்கப் பாடல், கல்வெட்டு வாசகம், சட்டப் பிரிவு போன்றவற்றை மேற்கோள் குறிக்குள், தனிப் பத்தியாக, பாடல் எண்ணோடு தாருங்கள். குறி இல்லாமல் உரைநடைக்குள் கலந்து எழுதினால் அது ஒற்றுமைக் கணக்கில் விழும். உங்கள் சொந்தக் கட்டுரையிலிருந்து எடுத்த பகுதிகளும் ஒற்றுமையாகக் காட்டும். அவற்றுக்கு வெளியீட்டு விவரமும் நெறியாளர் சான்றும் இணைக்கப் பல்கலைக்கழகங்களில் வழி உண்டு.

மென்பொருள் பிடிக்காத ஒன்று உண்டு. ஆங்கில நூலின் பத்தியைத் தமிழாக்கி ஆதாரம் சொல்லாமல் சேர்ப்பது. ஒற்றுமை அளவு பூஜ்யமாகவே வரும். ஆனாலும் அது திருட்டுதான். தமிழ் ஆய்வுலகின் மதிப்பு இந்த ஓர் இடத்தில் மிகவும் அடிபடுகிறது. 'தமிழாக்கம் ஆய்வாளருடையது' என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டால் அதே பத்தி நேர்மையான மேற்கோளாகிவிடும்.

சொற்களை மாற்றி சதவீதத்தைக் குறைத்துத் தரும் கடைகள் பல வளாகங்களின் வாசலில் இருக்கின்றன. அங்கே போன ஆய்வேடுகள் எளிதில் தெரிந்துவிடும். 'மக்கள் தொகை' என்பது 'ஜனங்களின் கூட்டல்' ஆகியிருக்கும்.

பணம்

யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனபின் 42,000. மொத்தம் ஐந்தாண்டு. மாதந்தோறும் நிறுவனம் இணையத்தில் வருகையை உறுதி செய்தால்தான் பணம் ஏறும். அதைச் செய்யும் அலுவலர் யார் என்பதை முதல் மாதமே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் எஸ்.ஆர்.எஃப்.ஆக உயர்த்த மதிப்பீட்டுக் கூட்டம் நடத்த வேண்டும். இரண்டு மாதம் முன்பே கைடிடம் தேதி கேளுங்கள். தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி ஊக்கத்தொகையும், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய ஃபெல்லோஷிப்களும் தனி. முழுநேரம் படித்துக்கொண்டு இரண்டு இடத்தில் உதவித்தொகை வாங்கினால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும்.

காலக் கணக்கு

2024 ஜூலையில் பதிவு செய்தவரை எடுத்துக்கொள்வோம். மூன்றாண்டு குறைந்தபட்சக் காலம். 2027 ஜூலைக்கு முன் கொடுக்க முடியாது. ஆறாண்டு அதிகபட்சம், 2030 ஜூலை. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டாண்டு, 2032 ஜூலை வரை. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் இரண்டாண்டு தளர்வு, 2034 ஜூலை வரை. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகப் பெண்களுக்கு மொத்தம் 240 நாள் வரை உண்டு. திருமணத்தால் ஊர் மாறும் பெண்கள், ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றல் கேட்கவும் விதி இடம் தருகிறது. இந்த உரிமைகளைக் கேட்கத் தயங்கி விலகிய பெண்கள் எத்தனையோ பேர். இது சலுகை கேட்பதாகாது. விதியில் இருப்பதைப் பெறுவது.

நீட்டிப்பு விண்ணப்பத்தைக் காலம் முடிந்தபின் கொடுக்காதீர்கள். முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே டி.சி. பரிந்துரையோடு கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

சிக்கல் வந்தால்

முதலில் டி.சி.யின் மற்ற உறுப்பினர், பிறகு துறைத் தலைவர். அதற்கும் தீரவில்லை என்றால் யு.ஜி.சி.யின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீடு செய்யலாம். பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழுவிடம் நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்க முடியும். அரசுப் பல்கலைக்கழகத்தில் கோப்பு எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தேதி, மின்னஞ்சல், டி.சி. குறிப்பு மூன்றும் கையில் இருப்பவரின் புகாரை எளிதில் ஒதுக்க முடியாது.

சினாப்சிஸ், சமர்ப்பிப்பு, வைவா

எழுதி முடித்ததும் டி.சி. முன்னிலையில், எல்லோரும் வரக்கூடிய ஓர் அரங்கில் முன்வைப்பு நடக்கும். அங்கே வந்த கருத்துகளைச் சேர்த்துவிட்டு சினாப்சிஸ் எனும் ஆய்வுச் சுருக்கம், அதன்பின் ஆய்வேடு. சினாப்சிஸ் கொடுத்தபின் எத்தனை மாதத்துக்குள் ஆய்வேடு தர வேண்டும் என்று பல்கலைக்கழகம் வரம்பு வைத்திருக்கும். ஆய்வேடு முழுமையாகத் தயாராகும் முன் சினாப்சிஸ் கொடுத்துவிட்டு வரம்புக்குள் ஓடுவதுதான் இந்தக் கட்டத்தின் வழக்கமான தவறு. துணைநூற்பட்டியல், அட்டவணை எண்கள் உட்பட எல்லாம் முடிந்தபின் சினாப்சிஸ் கொடுங்கள்.

ஆய்வேட்டை நெறியாளரும், பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள குறைந்தது இரண்டு தேர்வாளர்களும் மதிப்பிடுவார்கள். முடிந்தால் ஒருவர் வெளிநாட்டவர். இருவரில் ஒருவர் நிராகரித்தால் மாற்றுத் தேர்வாளர் ஒருவருக்கு அனுப்பப்படும். அவர் ஏற்றால் வைவா எனும் வாய்மொழித் தேர்வு; அவரும் மறுத்தால் ஆய்வேடு நிராகரிக்கப்படும். முழு நடைமுறையும் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது விதி. தாமதம் பெரும்பாலும் தேர்வாளர் பட்டியலில்தான் தொடங்குகிறது: ஓய்வு பெற்றவரின் பழைய மின்னஞ்சல், வேறு ஊருக்கு மாறியவரின் பழைய முகவரி. பட்டியல் தயாரிப்பது நெறியாளரின் வேலை. அதில் நீங்கள் தலையிடக் கூடாது. முகவரிகளைப் புதுப்பித்துத் தருமாறு அவரிடம் பணிவாக நினைவூட்டலாம். மூன்று மாதத்துக்குப் பின் மாதம் ஒரு முறை தேர்வுப் பிரிவில் எழுத்து மூலம் நிலை கேளுங்கள்.

அறிக்கைகள் வந்ததும் தேர்வாளர்கள் எழுப்பிய ஒவ்வொரு கேள்வியையும் இடப்புறம், உங்கள் விடையையும் பக்க எண்ணையும் வலப்புறம் வைத்து அட்டவணை போடுங்கள். வைவா அன்று அந்தத் தாள் கையில் இருக்கட்டும். ஏற்கக்கூடிய திருத்தத்தை 'திருத்திவிட்டேன் ஐயா, பக்கம் 143' என்று சொல்லி நகருங்கள். ஏற்க முடியாததைக் காரணத்தோடு மறுங்கள். அதைக் கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார். அரங்கில் இருப்பவர்களும் கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக யாருக்கும் பட்டம் மறுக்கப்படுவதில்லை.

பட்டம் அறிவிக்கும் முன் ஆய்வேட்டின் மின்பிரதி இன்ஃப்ளிப்நெட்டுக்குப் போக வேண்டும். குறுந்தட்டிலோ டிரைவிலோ கொடுக்கும் கோப்பை வேறொருவர் கணினியில் திறந்து பாருங்கள். எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா, 'கொள்கை' என்று தேடினால் எல்லா இடமும் கிடைக்கிறதா, திருத்தங்கள் சேர்ந்த கடைசிப் பிரதிதானா என்று மூன்றையும் பார்த்தபின் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.